தூக்குத் தண்டனையும் கையெழுத்து இயக்கமும்: வாசகர் கேள்வி பதில்

ஒரு கைதியைத் தூக்கிலிருந்து காப்பாற்றச் சொல்லி ஒரு கையெழுத்து நோட்டு வருகிறது. அதே வாரம் வேறொரு வழக்கில் ‘குற்றவாளியை உடனே தூக்கில் போடு’ என்று இன்னொரு நோட்டு வருகிறது. பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. இந்த நோட்டுகளுக்கு உண்மையில் என்ன மதிப்பு, என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு எங்கள் சட்டப் பகுதிக் குழு பதில் தருகிறது.

ஒருவர் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்பதை மக்களின் கையெழுத்து எண்ணிக்கை முடிவு செய்யலாமா? ஜனநாயகத்தில் மக்கள் கருத்துதானே பெரிது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள் ஐயா. முதலில் முடிச்சை அவிழ்ப்போம். ‘மரண தண்டனை என்று ஒன்று சட்டத்தில் இருக்கலாமா?’ என்பது ஒரு கேள்வி. அது கொள்கை. அதில் ஊரே கூடிப் பேசலாம், மனு போடலாம், போட வேண்டும். ‘இந்த வழக்கில் இந்த ஆளைத் தூக்கில் போடலாமா?’ என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சாட்சியத்திலும், அந்த ஆளின் வாழ்க்கையிலும், வழக்கு நடந்த விதத்திலும்தான் இருக்கிறது. எத்தனை பேர் கோபமாக இருக்கிறார்கள், எத்தனை பேர் இரக்கப்படுகிறார்கள் என்பதில் இல்லை.

இதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ‘அரிதிலும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோலைத் தந்த 1980 பச்சன் சிங் தீர்ப்பு, நீதிபதிகள் பொதுமக்கள் கருத்துக்கு வாயாக மாறிவிடக் கூடாது என்று எச்சரித்தது. ஆனால் மூன்றே வருடத்தில், 1983-ல் மச்சி சிங் வழக்கில், ‘சமூகத்தின் கூட்டு மனசாட்சி’ என்ற சொல் உள்ளே நுழைந்துவிட்டது. 2005-ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவுக்குத் தண்டனையை உறுதி செய்தபோதும் அதே சொல்தான் வந்தது. அந்த மனசாட்சியை எந்தத் தராசில் நிறுப்பது? யாரிடமும் பதில் இல்லை. 2009-ல் பரியார் வழக்கில் நீதிமன்றம் மறுபடியும் தெளிவாகச் சொன்னது: மக்கள் ஒரு குற்றத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது குற்றத்தைப் பற்றிய உண்மையும் அல்ல, குற்றவாளியைப் பற்றிய உண்மையும் அல்ல.

எங்கள் நிலையை ஒளிக்கவில்லை. மரண தண்டனை வேண்டாம் என்பதுதான் அது. ஆனாலும் ‘ஒரு லட்சம் கையெழுத்து வந்தது, அதனால் விட்டுவிடுங்கள்’ என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. அதை ஏற்றால், நாளை இரண்டு லட்சம் பேர் ‘போடு’ என்று கையெழுத்திடும்போது வாயடைத்து நிற்க வேண்டிவரும்.

எங்கள் ஊர் மக்கள் சார்பில் ஜனாதிபதிக்குக் கருணை மனு அனுப்ப முடியுமா? எப்படி எழுதுவது?
— மகளிர் குழு உறுப்பினர், விழுப்புரம்

அனுப்பலாம்; யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது கருணை மனு ஆகாது. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 472-ஆம் பிரிவு, மரண தண்டனைக் கருணை மனுவுக்கென்று தனியாக எழுதப்பட்டது. மனு போடக்கூடியவர்கள் மூவர்: தண்டனை பெற்றவர், அவருடைய சட்டப்படியான வாரிசு, அல்லது உறவினர். ஊர், சங்கம், கட்சி, மடம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. முன்பு இந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாகப் போடப்படவில்லை. பஞ்சாப் முதலமைச்சர் பியந்த் சிங் கொலை வழக்கில் தண்டனை பெற்ற பல்வந்த் சிங் ரஜோனா தாமே மனு போட மறுத்தபோது, 2012-ல் அவருக்காக மனு போட்டது சீக்கியக் குருத்வாராக்களை நிர்வகிக்கும் பிரபந்தக் கமிட்டி.

கால அளவும் இப்போது கறார். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதியிடம் சொன்ன நாளிலிருந்து 30 நாள். உயர் நீதிமன்றத்தோடு வழக்கு நின்று, மேலே போவதற்கான அவகாசமும் முடிந்திருந்தால், அதைத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள். முதலில் ஆளுநரிடம் போடலாம். அவர் நிராகரித்தால், 60 நாளுக்குள் ஜனாதிபதியிடம் போட வேண்டும். மத்திய அரசு மாநில அரசின் கருத்தையும் சிறை ஆவணங்களையும் வாங்கி, அவை வந்து சேர்ந்த 60 நாளுக்குள் ஜனாதிபதிக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். ஜனாதிபதிக்கு மட்டும் காலக்கெடு எதுவும் இல்லை. முடிவு வந்ததும் 48 மணி நேரத்துக்குள் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே வழக்கில் பலர் தண்டனை பெற்றிருந்து ஒருவர் மட்டும் மனு போட்டால், மற்றவர்களின் விவரங்களையும் கண்காணிப்பாளர் சேர்த்து அனுப்ப வேண்டும்.

அப்படியானால் ஊர் என்ன செய்வது? மனுவைக் கைதியோ அவருடைய தாயோ தம் பெயரில் போடட்டும். ஊர் மக்கள் அந்த மனுவுக்குத் துணையாகக் கடிதம் தரட்டும். முகவரியில் ஜனாதிபதி பெயர் இருந்தாலும், அரசியல் சாசனத்தின் 72-ஆம் பிரிவில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்கிறார். 161-ஆம் பிரிவில் ஆளுநரும் அப்படியே. ஆகவே உங்கள் கடிதத்தை உண்மையில் படிக்கப்போகிறவர் உள்துறை அமைச்சகத்தில் கோப்பைக் கையாளும் அதிகாரி. அவரை மனத்தில் வைத்து எழுதுங்கள். உணர்ச்சியைப் பொழிவதைவிடத் தேதியையும் பக்க எண்ணையும் சொல்லுங்கள்.

அந்த அதிகாரி எதைப் பார்ப்பார்? எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பது குறிப்பில் ஏறுமா?
— சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கருணை மனுவைப் பரிசீலிக்க உள்துறை அமைச்சகம் வைத்திருந்த அளவுகோல்களை உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 21 சத்ருகன் சௌஹான் தீர்ப்பில் எடுத்துப் போட்டிருக்கிறது. குற்றவாளியின் வயது, பால், மனவளர்ச்சி, வழக்கின் சூழ்நிலை. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியத்தின் நம்பகத்தன்மையில் சந்தேகம் தெரிவித்தும் தண்டனையை நிலைநிறுத்தியதா. புதிய சாட்சியம் கிடைக்கும் என்று சொல்லப்படுகிறதா. கீழ்க்கோர்ட் விடுதலை செய்ததை உயர் நீதிமன்றம் மாற்றித் தண்டித்ததா, அல்லது தண்டனையைக் கூட்டியதா. நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்து பெரிய அமர்வுக்குப் போனதா. கும்பல் கொலையில் யார் என்ன செய்தார் என்பது சரியாகப் பிரித்துப் பார்க்கப்பட்டதா. விசாரணையில் நெடிய தாமதம் இருந்ததா. இவ்வளவுதான். கையெழுத்து எண்ணிக்கைக்கு இதில் இடமே இல்லை.

ஆனால் கையெழுத்து வேலை செய்யும் ஒரு வழியும் இருக்கிறது. 2009 பரியார் தீர்ப்பில் ஒரு பெரிய தவறை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 1996-ல் வந்த ராவ்ஜி தீர்ப்பு, குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னது பச்சன் சிங் சட்டத்துக்கே முரண். அதைப் பின்பற்றிப் பல பேருக்கு மரண தண்டனை தவறாக விதிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் அது. அதற்குள் ராவ்ஜி, சுர்ஜா ராம் என்ற இருவர் 1996, 1997-ல் தூக்கிலிடப்பட்டும் விட்டார்கள். 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் ஜனாதிபதிக்கு எழுதினார்கள். மீதி 13 பேருக்கு விதிக்கப்பட்ட தண்டனை இந்தப் பிழையின்மேல் நிற்கிறது, எனவே குறையுங்கள் என்று கேட்டார்கள். மொத்தம் 14 கையெழுத்து. ஆனால் எந்தத் தீர்ப்பில் எந்தப் பிழை என்று பிடித்துக் காட்டிய கையெழுத்து. கோப்பில் விடுபட்ட ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கிற மனுவுக்கு வேறு எதையும்விட எடை அதிகம்.

2011-ல் பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரைத் தமிழக மக்களின் போராட்டம்தானே காப்பாற்றியது? நீங்கள் அதைக் குறைத்துப் பேசுவது போல் இருக்கிறதே?
— வாசகர், காஞ்சிபுரம்

குறைக்கவில்லை. ஆனால் எது எதைச் செய்தது என்று சரியாகச் சொல்லிவைக்க வேண்டும். அடுத்த வழக்குக்கு அது உதவும்.

ராஜீவ் காந்தி 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அவரோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இறந்தார்கள். அவர்களின் வீட்டாரையும் மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசக்கூடாது. பயங்கரவாத வழக்குகளுக்கான பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பேரறிவாளன், முருகன், சாந்தன், நளினி ஆகிய நால்வரோடு நிறுத்தியது. 19 பேர் வெளியே வந்தார்கள். கீழ்க்கோர்ட்டில் 26, மேலே 4. ‘தூக்கில் போடு’ என்று அன்று கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேரைத் தவறாக அனுப்பியிருப்பார்கள் என்று இந்தக் கணக்கை வைத்து யோசியுங்கள்.

நால்வரின் மனுவை ஆளுநர் 1999 அக்டோபரில் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை கேட்காமல் செய்த முடிவு அது என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை மட்டும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் மனு டெல்லிக்குப் போனது. அங்கே 11 வருடம் கிடந்தது. 2011 ஆகஸ்டில் நிராகரிப்பு வந்தது. தூக்குக்கு செப்டம்பர் 9 என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் தமிழகம் கொதித்தது உண்மை. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் கால் தேய நடந்தது உண்மை. ஆகஸ்ட் 30-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியதும், அதே நாளில் உயர் நீதிமன்றம் எட்டு வாரத் தடை கொடுத்ததும் உண்மை. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். அது நடந்திருக்கவே கூடாது. எந்த உயிரைக் காக்கவும் இன்னொரு உயிரைக் கொடுக்கத் தேவையில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறோம்.

ஆனால் 2014 பிப்ரவரி 18-ல் தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு தண்டனையைக் குறைத்ததற்குக் காரணம் கூட்டமோ தீர்மானமோ அல்ல. காரணமில்லாமல் 11 வருடம் மனுவைக் கிடப்பில் போட்டதுதான். நான்கு வாரம் முன்பு சத்ருகன் சௌஹான் தீர்ப்பில் 15 பேருக்குத் தண்டனை குறைந்ததிலும் பெரும்பாலோருக்கு இதே வழிதான். வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நால்வரும் அந்த 15 பேரில் அடக்கம். கையில் தேதிகளோடு ஒரு பட்டியல் இருந்தது. எந்தக் கோப்பு எந்த நாளில் எங்கே நின்றது என்று வழக்கறிஞர்கள் காட்டினார்கள். அதுதான் வென்றது.

போராட்டம் செய்தது வேறு வேலை. வழக்கை எல்லோரும் திரும்பப் படிக்கும்படி வைத்தது. பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வுக்குப் பிறகு 2013-ல் வெளியே வந்து ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்றார். ஒரே ஒரு வரி. அந்த வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு மனிதன் 19 வயதிலிருந்து சிறையில் இருந்தான். வழக்கு பேச்சிலேயே இல்லாமல் மறைந்திருந்தால் அந்த வரியைக் கேட்க ஆள் இருந்திருப்பார்களா? அந்த அளவுக்கு இயக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 2022 மே 18-ல் அவர் விடுதலையானதும் ஆளுநர் அமைச்சரவைப் பரிந்துரையைக் கிடப்பில் போட்ட விவகாரத்தில்தான். முழு நீதி கிடைக்கத் தேவையான ஆணையை இட அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது.

கொலை செய்தவனுக்காக ஊரெல்லாம் கையெழுத்துப் போடுகிறீர்கள். செத்த பிள்ளையின் தாய்க்கு யார் மனு போடுவது?
— ஒரு தாய், கடலூர்

அம்மா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கைதிக்காக இயக்கம் நடத்துகிறவர்கள் பாதிக்கப்பட்ட வீட்டு வாசலை மிதிக்காமல் போவது பெரிய குறை. அதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் உங்களுக்கு இருப்பது இது. குற்றவாளி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதவில்லை என்றாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 413-ஆம் பிரிவு. தண்டனை குறைவு என்று மட்டும் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு வழியில்லை. அதை அரசுதான் 418-ஆம் பிரிவில் செய்ய வேண்டும். இழப்பீட்டுக்கு 396-ஆம் பிரிவு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கொடுக்கலாம். விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். சாட்சி சொல்லப் பயமாக இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்புக் கேளுங்கள். 2018-லிருந்து நாடு முழுவதும் அது சட்டமாகவே செல்லும்.

ஊர்க்காரர்கள் உங்களுக்காக மனு போட விரும்பினால் இதற்குப் போடட்டும்: இழப்பீடு ஏன் வரவில்லை, தடய அறிவியல் அறிக்கை ஏன் வரவில்லை, அரசு வழக்கறிஞர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார். இவற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய அலுவலகங்கள் இருக்கின்றன.

சிறுமிகள் மீதான வன்முறை வழக்கில் ‘உடனே தூக்கு’ என்ற ஆன்லைன் மனுவில் பெயர் கொடுத்தேன். அதில் என்ன தவறு?
— ஐடி ஊழியர், சென்னை

கோபப்பட்டதில் தவறே இல்லை. அந்த மனு எங்கே போய் விழுகிறது என்பதைப் பாருங்கள்.

2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு மக்களிடம் கருத்துக் கேட்டது. சுமார் 80,000 வந்தன. குழு 29 நாளில் அறிக்கை தந்தது. போலீஸ், மருத்துவப் பரிசோதனை, சட்ட விளக்கம் என்று பலவற்றை மாற்றச் சொன்னது. பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டாம் என்றது. மனுக்களை ஒரு கமிஷன் உட்கார்ந்து படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. அரசு என்ன செய்தது? அடுத்த மாதமே அவசரச் சட்டத்தில் மரண தண்டனையைச் சேர்த்தது. 2018-ல் ஜம்மு காஷ்மீரின் கத்துவாவில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில், 12 வயதுக்குக் கீழான குழந்தைகள் விஷயத்தில் மீண்டும் ஒரு அவசரச் சட்டம். எழுத்தில் ஒரு தண்டனையைக் கூட்டுவது அரசுக்குச் சுலபம். தடயவியல் ஆய்வகத்துக்கு ஆள் போடுவது கடினம். உங்கள் மனு சுலபமானதைக் கேட்டால் சுலபமானதுதான் கிடைக்கும்.

2019-ல் ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவர் கொலையில் சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட நால்வரும் டிசம்பர் 6 அதிகாலை போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பூத்தூவிக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் கமிஷன் 2022-ல் சொன்னது: கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள், நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள்.

நம் ஊருக்கே வாருங்கள். 2017-ல் சென்னை போரூர் பக்கம் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் ஊரே கொதித்தது. ஒரு வருடத்தில் மரண தண்டனை. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசுத் தரப்பு சான்றுகளை நிரூபிக்கவில்லை என்று விடுதலை செய்தது. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு எட்டு வருடம் கழித்து என்ன மிஞ்சியது? அவசரத்தில் சிசிடிவி பதிவையும் தடயத்தையும் ஒழுங்காகச் சேர்க்காமல் விட்டால், மக்கள் கோபம் எத்தனை டிகிரி ஏறினாலும் வழக்கு நிற்காது. பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை வழக்கில் 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதித்த நீதிபதி, மக்கள் அழுத்தத்துக்கு நீதிமன்றம் வளையக் கூடாது என்று தீர்ப்பிலேயே எழுதியதை நாங்கள் துணிச்சலாகவே பார்க்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ மனுவில் போட்டால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். கத்துவா வழக்கில் பெயரை வெளியிட்ட ஊடக நிறுவனங்களை டெல்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் கட்ட வைத்தது. ‘நீதி வேண்டும்’ என்று ஹேஷ்டேக்கில் பெயரைச் சேர்ப்பதும் இதே குற்றம்தான்.

மரண தண்டனையையே ஒழிக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு போட முடியுமா? ஆன்லைன் மனு போதாதா?
— தொழிற்சங்க ஊழியர், கோவை

முடியும். பலருக்குத் தெரியாத கதவு இது. மக்களவைக்கு 15 பேர் கொண்ட மனுக்கள் குழு உண்டு. மாநிலங்களவைக்கும் தனிக்குழு உண்டு. மசோதா பற்றியோ பொதுநல விஷயம் பற்றியோ மனு கொடுக்கலாம். நீதிமன்ற விசாரணையில் உள்ள விஷயம் கூடாது. கவனியுங்கள்: ‘இன்னாரைத் தூக்கில் போடாதே’ என்று இங்கே கேட்க முடியாது. ‘சட்டத்திலிருந்து மரண தண்டனையை எடு’ என்று கேட்கலாம். முதல் கேள்விக்கு நாங்கள் போட்ட அதே கோட்டை அவை விதியே போட்டிருக்கிறது.

தமிழில் எழுதலாம், ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்து அதிலும் கையெழுத்திட வேண்டும். கோரிக்கை கடைசியில் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து அல்லது கைநாட்டு வேண்டும். மனு எழுதிய தாளிலேயே குறைந்தது ஒருவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து அடுத்த தாளுக்குப் போனால், அந்தத் தாளின் தலைப்பில் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். வெறும் பெயர்ப் பட்டியலாக 200 தாள் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் திரும்பி வருகிறார்கள். எதற்காகப் போட்ட கையெழுத்து என்று அந்தத் தாளைத் தனியாகப் பார்த்தால் தெரியாதே! கடிதம், பிரமாணப் பத்திரம், பத்திரிகைத் துணுக்கு எதையும் இணைக்கக் கூடாது. மொழி கண்ணியமாக இருக்க வேண்டும். ஒரு உறுப்பினர் மூலம் அவையில் தருவதானால் அவர் மேலொப்பமிட வேண்டும். ஆகவே முதல் வேலை, உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்ப்பது.

ஆன்லைன் மனு ஆள் சேர்க்க உதவும். இந்தியாவில் அதற்கு இத்தனை பேர் சேர்ந்தால் விவாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

மனுவில் எதைச் சொல்வது என்று கேட்டால்: சட்ட ஆணையத்தின் 262-ஆம் அறிக்கை, 2015 ஆகஸ்ட் 31. பயங்கரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை நீக்கச் சொன்னது. அதற்கும் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நீக்கலாம் என்று எழுதி அனுப்பியவர்களில் அப்துல் கலாமும் ஒருவர். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வையும் சேருங்கள்: தூக்குக் கைதிகளில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்.

வெளிநாடுகளில் இப்படி மனுக்கள் எடுபட்டிருக்கின்றனவா?
— வாசகி, கோலாலம்பூர்

ஆளைக் காப்பாற்றியதைவிடச் சட்டத்தை அசைத்ததுதான் அதிகம். பிரிட்டனில் 1953-ல் கொலை வழக்கில் தண்டனை பெற்ற டெரெக் பென்ட்லி என்ற இளைஞருக்காகச் சுமார் 200 எம்.பி.க்கள் கையெழுத்திட்டும் தூக்கிலிட்டார்கள். 45 வருடம் கழித்து 1998-ல் தண்டனையே தவறு என்று ரத்தானது. 1955-ல் ரூத் எல்லிஸ் என்ற பெண்ணுக்காக 50,000 கையெழுத்து, பலனில்லை. ஆனால் இரண்டே வருடத்தில் கொலைச் சட்டம் திருந்தியது. 1965-ல் கொலைக்குத் தூக்கு நின்றது. 2011-ல் அரசே ஆன்லைன் மனுத் தளம் திறந்தபோது தூக்கைத் திரும்பக் கொண்டுவா என்று ஒரு மனு, கொண்டுவராதே என்று ஒரு மனு. இரண்டாவதற்கே கூடுதல் பேர். விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளத் தேவையான ஒரு லட்சத்தை இரண்டும் தொடவில்லை.

உங்கள் பக்கத்தில் சிங்கப்பூரை நீங்களே பார்த்தீர்கள். 42.72 கிராம் ஹெராயினுக்காகப் பிடிபட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் அறிவுத்திறன் அளவு 69 என்று சொல்லியும், ஒரு லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டும், 2022 ஏப்ரல் 27-ல் தூக்கிலிட்டார்கள்.

எங்கள் சொந்தக்காரப் பையனுக்குச் செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை சொல்லிவிட்டார்கள். ஊரில் 1,000 கையெழுத்து வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கட்டுமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

இப்போது வேண்டாம். பதறாதீர்கள். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது. கோப்பு தானாகவே மேலே போகும். ஆனால் நீங்கள் தனியாக மேல்முறையீடும் செய்ய வேண்டும். அதற்கு 30 நாள்தான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இலவசமாகத் தரும். அதன்பிறகு உச்ச நீதிமன்றம். அங்கே தோற்றாலும் சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்பார்கள், 2014-லிருந்து அப்படி. கருணை மனு அதற்கும் பிறகு. கடைசியில் எல்லாம் நிராகரிக்கப்பட்டாலும், குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவித்து 14 நாள் இடைவெளி விட வேண்டும். 2013-ல் அப்சல் குரு குடும்பத்துக்குக் கடிதம் அவர் தூக்கிலிடப்பட்ட பிறகே போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் இந்த 14 நாளை விதித்தது.

அந்த 1,000 பேரில் பையனை நிஜமாகத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களைப் பிடியுங்கள். ஆசிரியர் எதைப் பார்த்தார், வேலை கொடுத்தவர் எத்தனை வருடம் வைத்திருந்தார், தலையில் அடிபட்டு எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒவ்வொருவரும் தாம் கண்ணால் பார்த்ததைப் பிரமாணப் பத்திரமாகத் தரட்டும். பழைய ஓ.பி. சீட்டு, மனநல மருந்துச் சீட்டு, ரேஷன் அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். 2022 மே மாத மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு இவற்றையெல்லாம் நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். சிறை நடத்தை அறிக்கையும் மனநல மதிப்பீடும் அதில் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால், சம்பவத்தன்று அவனுக்கு என்ன வயது என்று பாருங்கள். 18 நிரம்பவில்லை என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட, எழுப்பலாம். முதல் ஆதாரம் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று. அது இல்லாவிட்டால் பஞ்சாயத்து அல்லது நகராட்சிப் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. 1994-ல் புணேயில் நடந்த கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நாராயண் சேதன்ராம் சௌதரிக்கு 2000-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. பின்னாளில் ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். சம்பவத்தின்போது அவர் வயது 12 வருடம் 6 மாதம். 2023 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குள் 28 வருடத்துக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார்.

நாளைக் காலையில் பையன் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த பள்ளிக்குப் போங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் மனு கொடுத்து, சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயர் உள்ள பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். பள்ளியை வேறு பள்ளியோடு இணைத்திருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.